என் பெயரில் வரும் அறிக்கை என்னுடையதுதானா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் துறைசார் ஆய்வறிக்கைகள் எழுதி வந்திருக்கிறீர்கள். இப்போது நிறுவனம் உங்கள் பழைய அறிக்கைகளை எல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்து, முதல் வரைவை அதனிடமே வாங்குகிறது. நீங்கள் அதைத் திருத்தி, சரிபார்த்து, கையெழுத்திடுகிறீர்கள். அறிக்கை உங்கள் பெயரில் வெளியாகிறது, பாராட்டும் வருகிறது. ஆனால் அது உங்களுடையதுதானா என்று உங்களுக்கே தெரியவில்லை, வேறு வேலைக்குப் போகும்போது அதை உங்கள் வேலை என்று காட்டலாமா என்பதும் தெரியவில்லை. ஒரே கேள்வியாக எழுதியிருந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டப்படி இந்த எழுத்து யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. செய்த வேலை தன்னுடையது என்ற உணர்வு ஏன் மங்குகிறது, அதோடு வேலையின் பொருளும் ஏன் குறைவதுபோல் தோன்றுகிறது என்பது மற்றொன்று. இம்மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அவை எப்போதுமே தனித்தனியானவை. பிரித்துப் பார்க்கும் தேவைதான் இதுவரை பெரிதாக எழவில்லை.

என் படிப்பு சட்டம். எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் அவர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான அறிவுசார் சொத்து ஒப்பந்தங்களை எழுதுவதும், பிணக்கு வந்த பிறகு அவற்றுக்குப் பொருள் சொல்வதும் என் தொழில். ஆகவே முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் சொல்லும் விடை பயிற்சியின் பேரில் சொல்வது. மூன்றாவது கேள்வியில் நான் வல்லுநர் அல்லன். உளவியல் ஆய்வுகளைக் கவனமாகப் படித்துவருகிறவன், பல ஆண்டுகளாக எழுதுபவர்களின் குறைகளைக் கேட்டுவருகிறவன், அவ்வளவே. நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை என்பதால், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். இதை உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துத் தந்த ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டக் கேள்வியில் உங்களைப் பொறுத்தவரை பாதி விடை கருவி வருவதற்கு முன்பே முடிவானது. ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதும் எழுத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கே உரியது என்பது அமெரிக்க, பிரிட்டிஷ், இந்தியச் சட்டங்கள் மூன்றுக்கும் பொதுவான நிலை. அதாவது நீங்கள் ஒவ்வொரு வரியையும் நீங்களே யோசித்து எழுதிய அந்தப் பழைய அறிக்கைகளும் உங்கள் சொத்தாக இருந்ததில்லை. உழைத்தவருக்கே உரிமை என்ற எண்ணமும் சட்டத்தில் நாம் நினைக்கும் அளவுக்கு வேரூன்றியதல்ல. தொலைபேசி எண் புத்தகம் ஒன்றைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல், எவ்வளவு பாடுபட்டுத் திரட்டியிருந்தாலும் உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது, படைப்பாக்கத்தின் சிறு பொறியாவது வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாடுபட்டதால் ஒன்று நம்முடையதாகிறது என்பது மனம் அறிந்த நியாயம். சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்திருப்பதால்தான் இதை முன்னதாகவே சொல்கிறேன்.

கருவி எழுதிய பகுதியின் நிலை என்ன என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பெரிய சட்ட அமைப்புகள் எதுவும் இயந்திரத்தையே உரிமையாளராக ஏற்கவில்லை. தன் கணினி அமைப்பே படைப்பாளி என்று பதிவுசெய்யக் கேட்ட ஸ்டீபன் தாலரின் மனுவில், மனிதப் படைப்பாளி இன்றிப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அவரே தொடுத்த கண்டுபிடிப்புக் காப்புரிமை வழக்கில், கண்டுபிடிப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எனவே 'அதுதான் எழுதியது, அதனால் அதற்கே சொந்தம்' என்று எவரும் சொல்ல முடியாது. ஐயத்துக்கு இடமானது வேறு கேள்வி: மனிதர் எவ்வளவு செய்திருந்தால் அது மனிதப் படைப்பாகும்? ஒரு சித்திரக்கதை நூலைப் பற்றி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் எடுத்த முடிவில், எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் உரிமை உண்டு, படம் வரையும் கருவியான மிட்ஜர்னி உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று பிரித்தது. இன்றைய நிலையில் பிராம்ப்ட், அதாவது கருவிக்குத் தரும் கட்டளை, எழுதுவது மட்டும் போதுமான கட்டுப்பாடு ஆகாது என்று அதே அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லியிருக்கிறது. பெய்ஜிங் இணைய நீதிமன்றமோ 2023 நவம்பரில், ஸ்டேபிள் டிஃப்யூஷன் கருவியில் பல பிராம்ப்ட்களையும் அமைப்புகளையும் மாற்றி மாற்றி ஒரு படத்தை உருவாக்கியவருக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 1994இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டமும் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதற்கான ஏற்பாட்டைச் செய்தவரை அல்லது அதை உருவாக்கச் செய்தவரைப் படைப்பாளியாகக் கொள்கின்றன. அவை இன்றைய கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல, பிரிட்டனில் அந்தப் பிரிவை நீக்கிவிடலாமா என்று அரசே 2024 டிசம்பரில் கருத்துக் கேட்டது.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் விடை சற்று விசித்திரமானது. உங்கள் அறிக்கையில் நீங்கள் மாற்றி எழுதிய பகுதியும் தேர்ந்தெடுத்து அடுக்கிய அமைப்பும் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாகலாம். தொடாமல் விட்ட பத்திகள் சில நாடுகளில் எவருக்குமே சொந்தமில்லாமல் இருக்கலாம். கருவியை விற்கும் நிறுவனங்கள் சில, வெளியீட்டின் உரிமை முழுவதையும் பயனருக்கே தருவதாகத் தம் விதிமுறைகளில் எழுதுகின்றன. தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குத் தந்துவிட முடியாது என்பதால் அந்த வரிக்கு, விற்பவர் தாம் உரிமை கோரமாட்டோம் என்று சொல்கிறார் என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஆனால் இது உங்கள் நிறுவனத்தின் கவலை, உங்களுடையது அல்ல. 'இது சட்டப்படி என்னுடையதா' என்ற கேள்வியோடு வருகிறவர்கள் பலரிடம், அவர்கள் தேடும் விடை சட்டத்தில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் என் தொழிலில் உள்ள சிலருக்குப் பிடிக்காது.

பொறுப்பு என்ற இரண்டாவது கேள்வியில் ஐயம் மிகக் குறைவு. இல்லாத ஆறு தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி சொன்னபடியே மேற்கோள் காட்டிய வழக்குரைஞர்களுக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கருவியைப் பயன்படுத்தியது குற்றமாகக் கருதப்படவில்லை. சரிபாராமல் கையெழுத்திட்டதும், கேள்வி எழுந்த பிறகும் அதையே பற்றிக்கொண்டு நின்றதும்தான் குற்றமாயின. ஏர் கனடா நிறுவனத்தின் இணையதள உரையாடல் நிரல் ஒரு பயணிக்குத் தவறான கட்டண விதியைச் சொன்னது குறித்த வழக்கில், அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வைத்த வாதத்தைப் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பிய மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தள்ளிவிட்டது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023 மேயில் வெளியிட்ட பரிந்துரையில், உரையாடல் நிரல்களைக் கட்டுரையை எழுதியவராகக் குறிப்பிடக் கூடாது என்றது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: நிரலுக்கு எழுதத் தெரியாது என்று அவர்கள் சொல்லவில்லை, எழுதியதன் துல்லியத்துக்கும் நேர்மைக்கும் அதனால் பொறுப்பேற்க முடியாது என்றார்கள்.

ஆக, எழுதுவதில் உங்கள் பங்கு குறைந்திருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய கடமையோ சற்றும் குறையவில்லை. உங்கள் சோர்வில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஒரு வரியை நாமே எழுதியிருந்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது நமக்குள் இருக்கும். எந்தத் தரவை ஒதுக்கினோம், எந்தச் சொல்லை வேண்டுமென்றே மென்மையாக்கினோம் என்பது கேட்டவுடன் நினைவுக்கு வரும். பிணக்குகளில் எழுதியவரை உட்காரவைத்து 'இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்' என்று வரிவரியாகக் கேட்பது எங்கள் வேலையின் பகுதி. தாமே எழுதியவர்கள் தவறாக எழுதியிருந்தாலும் காரணம் சொல்கிறார்கள். பிறர் வரைவைத் திருத்தியவர்கள் அந்த வரி தவறில்லை என்பதை மட்டுமே சொல்ல முடிகிறது. இளைய ஊழியர் எழுதியதை மூத்தவர் திருத்தும்போதும் இதே நிலைதான் என்று நீங்கள் சொல்லலாம். அங்கே காரணம் இன்னொரு மனிதரிடமாவது இருந்தது, கூப்பிட்டுக் கேட்கவும் முடிந்தது. கருவியிடம் கேட்டாலும் ஒரு காரணம் வரும். ஆனால் அது அந்த வரி எழுதப்பட்டபோது இருந்த காரணம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு ஆதாரம் இல்லை.

இனி மூன்றாவது கேள்வி. பொருள்கள் மீதும் வேலை மீதும் மனிதருக்கு 'இது என்னுடையது' என்ற உணர்வு எப்படி உண்டாகிறது என்பதை ஜான் பியர்ஸ், டாட்டியானா கோஸ்டோவா, கர்ட் டிர்க்ஸ் ஆகிய மூவர் 2001இல் ஒரு கோட்பாடாக வகுத்தார்கள். சட்ட உரிமை இல்லாமலும் அந்த உணர்வு வரலாம், இருந்தும் வராமல் போகலாம் என்பது அதன் அடிப்படை. அந்த உணர்வு மூன்று வழிகளில் உண்டாகிறது என்றார்கள்: ஒன்றைக் கட்டுப்படுத்துவது, அதை நெருக்கமாக அறிவது, அதில் தன்னை முதலீடு செய்வது. நீங்கள் விவரித்திருக்கும் வேலைமுறையை இதன்மீது வைத்துப் பார்த்தால் இழப்பு எங்கே என்பது தெரிகிறது. கட்டுப்பாடு உங்களிடம் இன்னும் இருக்கிறது, ஆனால் அது ஆம், இல்லை என்று சொல்லும் கட்டுப்பாடாகச் சுருங்கிவிட்டது. எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வுகள் வரைவு உங்கள் கைக்கு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. நெருங்கி அறிவது தரவோடு போராடும்போது நிகழ்வது. முடிந்த பத்தியைப் படிக்கும்போது அறிமுகம் கிடைக்கும், நெருக்கம் கிடைக்காது. தன்னை முதலீடு செய்வதற்கோ வேலைநேரத்தில் இடமே மிகவும் குறைந்துவிட்டது. ரிச்சர்ட் ஹாக்மேனும் கிரெக் ஓல்டமும் 1970களில் வேலையின் தன்மைகளைப் பற்றி வகுத்த மாதிரியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு: பல திறன்களைப் பயன்படுத்துவது, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகச் செய்வது, அதனால் பிறருக்கு விளைவது ஆகியவையே வேலைக்குப் பொருள் தருகின்றன என்றார்கள். உங்கள் அறிக்கையால் பிறருக்குக் கிடைக்கும் பயன் குறையவில்லை. குறைந்தவை முதல் இரண்டும்தான். பாராட்டு வந்தும் நிறைவு வராததற்கு அது போதுமான விளக்கம் என்பது என் எண்ணம்.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வழியில் உங்களுக்கு முன்பே நடந்தவர்கள். நரம்பியல் வலையமைப்பு முறையிலான இயந்திர மொழிபெயர்ப்பு 2016 வாக்கில் பரவலான பிறகு, இயந்திரம் தந்ததைத் திருத்துவது தனி வேலையாகவே ஆனது. 2017இல் அதற்கென்று ஐஎஸ்ஓ 18587 என்ற தரநிலையும் வந்தது. பிறகு ஒப்பந்தங்களில் நான் கண்டது இதுதான்: சொல்லுக்கு இவ்வளவு என்ற கூலி திருத்தத்துக்குக் குறைக்கப்பட்டது, பொறுப்புப் பிரிவு மட்டும் பழைய மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டது. தாமே மொழிபெயர்த்த நூலைப் பெயர் சொல்லிப் பெருமையாகக் காட்டுகிறவர்கள், திருத்திய பக்கங்களைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். ஆனால் எல்லாரும் துயரப்பட்டார்கள் என்று சொல்வது உண்மையாகாது. கையேடுகளையும் படிவங்களையும் மொழிபெயர்த்துச் சலித்தவர்கள் சிலர், சலிப்பான பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டதை வரவேற்று, மிஞ்சிய நேரத்தைத் தாம் விரும்பிய நூல்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நேரத்தைத் தாமே வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் மட்டுமே அப்படிச் செய்ய முடிந்தது. மற்றவர்களுக்கு மிஞ்சிய நேரத்தில் இன்னும் அதிகப் பக்கங்கள் வந்து சேர்ந்தன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். இங்கே எச்சரிக்கை வேண்டும். கருவியிடம் எழுதி வாங்கியவர்கள் அதைத் தம்முடையதாக உணரவில்லை, ஆனாலும் பலர் கருவியின் பெயரைக் குறிப்பிடாமல் தம் பெயரையே போட்டார்கள் என்று ஃபியோனா டிராக்ஸ்லரும் சக ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எழுத்தின்மீது செல்வாக்குச் செலுத்த முடிந்த அளவுக்கு உரிமை உணர்வு கூடியது என்பதும் அதில் உண்டு. ஆனால் அதில் எழுதப்பட்டவை சிறு அஞ்சலட்டைச் செய்திகள். உங்கள் அறிக்கைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அளந்து சொல்ல முடியாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வில், கருவியின் துணையோடு கட்டுரை எழுதியவர்கள் தம் கட்டுரையின் ஒரு வரியையே திருப்பிச் சொல்லத் தடுமாறினார்கள் என்ற செய்தி உலகெங்கும் ஓடியது. அதில் பங்கேற்றவர்கள் 54 பேர். வெளியானபோது சக வல்லுநர்களின் மதிப்பாய்வும் நடந்திருக்கவில்லை. எனவே அது ஒரு குறிப்பு, முடிவல்ல. இதைவிட முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று. கருவி வந்த பிறகு விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புகள் பெருகின, ஆனால் பெரும்பான்மையோரின் பணி நிறைவு சரிந்தது என்று 2024 இறுதியில் ஓர் ஆய்வு வெளியாகி, உங்களைப் போன்ற கேள்விகளுக்கு எல்லாம் விடையாக மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகளின் மூலத்திலும் நம்பகத்தன்மையிலும் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அதே மாசசூசெட்ஸ் கழகம் 2025 மேயில் பகிரங்கமாக அறிவித்துவிட்டது. அது இன்னும் சில கட்டுரைகளில் உலவுகிறது. எங்கேனும் கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருளை இழந்தாலும் நேரமாவது மிஞ்சுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மிஞ்சலாம். ஆனால் அனுபவமுள்ள 16 மென்பொருள் உருவாக்குநர்களை வைத்து மெட்ர் என்ற அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனையில், கருவியுடன் வேலை செய்தபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. முடிந்த பிறகும் தாம் சுமார் 20 விழுக்காடு வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். 16 பேரை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல முடியாது, கருவிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தன் வேகத்தைப் பற்றிய தன் மதிப்பீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற அளவுக்கு அந்தச் சோதனை போதும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு மிகக் கனமாகப் பட்டது: உங்கள் பழைய அறிக்கைகளையே அந்தக் கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது 'என்னைப் போலவே எழுதுகிறது' என்றீர்கள். அறிக்கைகள் நிறுவனத்தின் சொத்து என்பதால் அதைத் தடுக்க உங்களுக்குப் பொதுவாகச் சட்டப்படி வழி இல்லை. எழுத்து நடைக்கும் பதிப்புரிமை கிடையாது. ஆனால் இங்கே பழைய ஒரு சமநிலை குலைகிறது. 1916இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த ஹெர்பர்ட் மோரிஸ் எதிர் சாக்ஸல்பி வழக்கு, ஊழியர் வேலையில் பெற்ற பொதுத் திறமையும் அறிவும் அவருடையவை, முதலாளியின் சொத்து அல்ல, அவற்றை அவர் வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்துவதை முதலாளி தடுக்க முடியாது என்ற நிலையை உறுதியாக்கியது. தொழில் இரகசியம் ஒரு பக்கம், ஆளின் திறமை இன்னொரு பக்கம் என்று அந்தக் கோடு நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. எழுதியது முதலாளிக்கு, எழுதத் தெரிந்தது ஊழியருக்கு. அறிவுசார் வேலையின் பேரமே இதுதான். இந்தக் கோடு, திறமை ஆளோடு வெளியே போய்விடும் என்ற நிலையில் போடப்பட்டது. ஆள் போன பிறகும் திறமையின் ஒரு நகல் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் நிலையை அது எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் வெளியே போவதைச் சட்டம் தடுக்காது. ஆனால் உங்கள் பேரத்தின் வலு எதில் இருந்ததோ அதில் ஒரு பங்கை நீங்கள் விட்டுச்செல்கிறீர்கள், அதற்கு விலை பேசப்படவில்லை.

எரிக் பிரின்ஜோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகியோர் 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் உதவிப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. கருவி அந்தப் பணியாளர்களின் பழைய உரையாடல்களிலிருந்தே கற்றது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சுமார் 15 விழுக்காடு கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் ஆதாயம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, மிகத் திறமையானவர்களுக்கோ மிகக் குறைவு. சிறந்தவர்களின் வழிமுறைகள் கருவி வழியாகப் புதியவர்களைச் சென்றடைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்படித் தரவு தந்தவர்களுக்கு ஈடு தர வேண்டுமா, எப்படித் தருவது என்ற கேள்வியையும் அவர்களே எழுப்பினார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு இன்னும் விடை இல்லை. ஒப்பந்தத்தின் வழியே இத்தகைய கேள்வியைத் தொட முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம். 2023இல் 148 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தின்படி, எழுதியவர் என்று பெயர் போடப்படும் எழுத்தாளரின் தகுதியைக் குறைக்கக் கருவி எழுதியது பயன்படாது, கருவியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது, கருவி எழுதிய பகுதியைத் தந்தால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் சங்கம் இருந்தது. ஆய்வறிக்கை எழுதுபவர்களில் பெரும்பாலோர் தனித்தனியாகக் கையெழுத்திடுகிறவர்கள் என்பதால், இதை எளிதில் பின்பற்றத்தக்க வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களால் இப்போது மாற்றக்கூடியது வேலையின் வரிசை. வரைவைக் கேட்பதற்கு முன், தரவைப் பார்த்து நீங்கள் வந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எது உங்களை ஐயப்பட வைக்கிறது என்பதையும் அரைப் பக்கம் உங்கள் கையால் எழுதிவிடுங்கள். பிறகு கருவி எழுதட்டும். முன்பு சொன்ன மூன்று வழிகளும் அந்த அரைப் பக்கத்தில் திரும்பக் கிடைக்கின்றன, ஏனென்றால் அறிக்கையில் தேர்வும் தீர்மானமும் நிகழும் இடம் அதுவே. மீதி பெரும்பாலும் விரித்துரைப்பு. எழுத எழுதத்தான் சிந்தனை தெளிகிறது என்பவர்களுக்கு இது போதாமல் போகலாம். நானும் அந்த வகைதான், அதனால் என் சட்டக் கருத்துரைகளின் முதல் வரைவைக் கருவியிடம் கொடுப்பதில்லை. உங்கள் நிறுவனம் அந்தத் தேர்வை உங்களுக்குத் தருமா என்பது எனக்குத் தெரியாது. அந்த அரைப் பக்கங்களைத் தேதியோடு, நிறுவனத்தின் கோப்பிலேயே வைத்துவாருங்கள். நாளை ஒரு வரியைப் பற்றிக் கேள்வி வந்தால் உங்களிடம் காரணம் இருக்கும். மனிதப் பங்களிப்பு எவ்வளவு என்று நிறுவனமே நிறுவ வேண்டியிருந்தால் அதற்கும் அது ஆதாரமாகும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, நீங்கள் எழுதியவற்றைக் கருவிக்குப் பயிற்சியாகக் கொடுப்பது பற்றியும், கருவியின் வரைவில் நேரும் பிழைக்கு உங்கள் பொறுப்பின் எல்லை பற்றியும் இரண்டு பிரிவுகள் கேளுங்கள். இரண்டாவது கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதை மறுப்பதற்கு நிறுவனத்திடம் நல்ல காரணம் இருப்பது அரிது.

வேறு வேலைக்குப் போகும்போது இவற்றைக் காட்டலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: இரகசியக் காப்பு உடன்பாடு தடுக்காத, ஏற்கெனவே வெளியான அறிக்கைகளைக் காட்டலாம். வரைவைக் கருவி எழுதியது, கேள்வியை வகுத்ததும் தரவைத் தேர்ந்ததும் முடிவுக்கு வந்ததும் நான் என்று, அது உண்மையாக இருக்கும் அறிக்கைகளில் மட்டும், சொல்லிக் காட்டுங்கள். மறைத்தால் அது பிற்பாடு நேர்மைக் கேள்வியாகத் திரும்பி வரக்கூடும். நேர்காணல் எடுப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்றுதான் கேட்பார். அதற்கு நீங்கள் தடையின்றி விடை சொல்லக்கூடிய அறிக்கைகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.